முதிர்ந்த சிவப்பு ஒயின்: சுவைப்பதும் பகிர்வதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எனக்கு ஒயினில் ஈடுபாடு உண்டு என்று தெரிந்தவர்கள் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். திருமண நாளுக்கு யாரோ பரிசளித்த பழைய புட்டி, மகள் பிறந்த ஆண்டின் ஒயின், பணி ஓய்வு நாளுக்கென்று எடுத்து வைத்தது என்று வீட்டில் ஏதோ ஒன்று இருக்கும். அதைத் திறக்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒயின் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது என்கிறார்களே, உண்மைதானா?

இல்லை. உலகில் தயாராகும் சிவப்பு ஒயினில் மிகப் பெரும்பகுதி, விற்பனைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவார்கள் என்ற கணக்கிலேயே செய்யப்படுகிறது. அதை இருபது ஆண்டு வைத்திருந்தால் பழைய ஒயின் கிடைக்கும், அவ்வளவுதான். பிரான்சின் போஜொலே நூவோ அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே, நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை கடைக்கு வருகிறது. அதன் அழகே அந்த இளமைதான். அடுத்த நவம்பர் வரை அதைப் பூட்டி வைப்பதில் பொருளே இல்லை.

வயது புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்காது. ஏற்கெனவே இருப்பதை மாற்றும். மாறுவதற்கு உள்ளே சரக்கு வேண்டும்: துவர்ப்பு, புளிப்பு, செறிந்த பழச்சுவை. இவற்றில் ஒன்று மெலிந்திருந்தாலும் காத்திருப்பு வீண்.

சரி, எந்தச் சிவப்பு ஒயின்களை நம்பி வைத்திருக்கலாம்?

பிரான்சில் போர்டோவின் நல்ல தோட்டங்கள் (கேபர்னே சோவின்யோன், மெர்லோ திராட்சைகள்), பர்கண்டியின் உயர்ந்த பினோ நுவார், ரோன் பள்ளத்தாக்கின் வடக்கே எர்மிதாஜ் குன்றில் விளையும் சிரா. இத்தாலியில் நெபியோலோ திராட்சையின் பரோலோவும், சாஞ்சியோவேசே திராட்சையின் புருனெல்லோவும். ஸ்பெயினில் ரியோஹா. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு, ஆஸ்திரேலியாவில் மேக்ஸ் ஷூபர்ட் 1951-இல் தொடங்கிவைத்த பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். போர்த்துகலின் விண்டேஜ் போர்ட் (ஒரே நல்ல ஆண்டின் அறுவடையில் செய்வது) தனி இனம்: நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்தப்படுவதால் இனிப்பும், சுமார் 20 சதவீத ஆல்கஹாலும் அதில் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் தாங்கும்.

சில ஊர்களில் முதிர்ச்சியின் ஒரு பகுதியைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. பரோலோ குறைந்தது 38 மாதம் காத்திருந்த பிறகே விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ரியோஹாவில் கிரான் ரெசெர்வா என்று லேபிளில் போட 5 ஆண்டு தேவை, அதில் 2 ஆண்டு ஓக் பீப்பாயில். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ரியோஹா நல்ல வழி. தயாரிப்பாளரே நமக்காகக் காத்திருந்து கொடுக்கிறார்.

இந்தப் பெயர்கள் லேபிளில் இருந்தாலே போதும் என்று எண்ண வேண்டாம். ஒரே ஊரில், ஒரே ஆண்டில், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஒன்று முப்பது ஆண்டு நிற்கும், மற்றொன்று எட்டாம் ஆண்டிலேயே சோர்ந்துவிடும். ஊரின் பெயரை விடத் தயாரிப்பாளரின் பெயர் முக்கியம்.

மூடிய புட்டிக்குள் இத்தனை வருடம் என்னதான் நடக்கிறது?

இளம் சிவப்பு ஒயினைக் குடித்ததும் ஈறும் நாக்கும் வறண்டு பிடிப்பது போலத் தோன்றுவது டானின் என்ற பொருளால். திராட்சையின் தோல், விதை, பீப்பாயின் மரம் ஆகியவற்றிலிருந்து அது வருகிறது. நிறம் தருவது ஆந்தோசயனின். ஆண்டுகள் போகப் போக இவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஒரு பகுதி கரைந்திருக்க முடியாமல் கீழே படிகிறது. அதுதான் பழைய புட்டியின் அடியில் காணும் மண்டி. துவர்ப்பு மென்மையாகிறது, நிறம் வெளிறுகிறது.

மணத்திலும் பெரிய மாற்றம் வருகிறது. பச்சையான பழ வாசனை பின்வாங்கி, உலர்ந்த அத்தி, புகையிலை, தோல், தேவதாரு மரம், மழை நனைத்த காட்டுச் சருகு, காளான் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் வருகின்றன. இவற்றை மூன்றாம் நிலை மணங்கள் என்பார்கள். முதல் நிலை பழத்துடையது, இரண்டாவது நொதித்தலுடையது. பழைய ஒயினை விரும்புகிறவர்கள் தேடிப் போவது இந்த மூன்றாவதைத்தான். இது பிடிக்காதவர்களும் ஏராளம். அவர்களுக்கு ரசனை குறைவு என்று சொல்வதற்கில்லை. பழச்சுவை பிடிக்கும் என்றால் இளம் ஒயினையே வாங்கிக் குடியுங்கள், செலவும் குறையும்.

நிறத்தைப் பார்த்தே வயதைச் சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு. வெள்ளைத்தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா தெரிந்தால் இளசு. மாணிக்கச் சிவப்பு நடுவயது. செங்கல் நிறமும் பழுப்பும் ஓரத்தில் படர்ந்திருந்தால் முதியது. ஆனால் நெபியோலோ இளமையிலேயே செங்கல் சாயல் காட்டும், பினோ நுவார் பிறவியிலேயே வெளிறியது. வெப்பத்தில் கிடந்த ஒயினும் சீக்கிரம் பழுப்பேறும்.

என்னிடம் நிலவறை இல்லை. அலமாரியில் வைத்தால் ஆகாதா?

சில மாதங்களுக்கு ஆகும், பத்து ஆண்டுக்கு ஆகாது. 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், அதிலும் ஏற்ற இறக்கம் இல்லாமல், என்பது நீண்ட காலச் சேமிப்புக்கான பொதுவான அளவு. நிலையாக 17 டிகிரியில் இருக்கும் இடம், காலையில் 12-ம் மாலையில் 24-மாக ஆடும் இடத்தை விட மேல். சூடு ஏறி இறங்கும்போது திரவம் விரிந்து சுருங்குகிறது. தக்கையின் ஓரமாக ஒயின் கசிகிறது, காற்று உள்ளே போகிறது. ஒயின் முன்னேரமே கிழடாகிவிடுகிறது.

வெளிச்சம் கூடாது, அதிர்வு கூடாது. காற்றில் 60 முதல் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் நல்லது. தக்கை போட்ட புட்டியைக் கிடத்தி வைக்க வேண்டும், தக்கை காய்ந்து சுருங்காமல் இருக்க. திருகு மூடிக்கு அந்தக் கவலை இல்லை. விண்டேஜ் போர்ட் போன்ற மண்டி மிகுந்தவற்றை ஒரே பக்கமாகக் கிடத்துங்கள், அடிக்கடி எடுத்துத் துடைத்து அழகு பார்க்க வேண்டாம். இந்த வசதி எதுவுமே இல்லையென்றால் ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி வாங்கலாம். அதுவும் முடியாதென்றால் இளமையில் வாங்கிக் காத்திருக்கும் ஆசையை விட்டுவிட்டு, முதிர்ந்ததையே நம்பகமான இடத்தில் வாங்கி அந்த மாதமே குடித்துவிடலாம். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி இதற்கு ஏற்றதல்ல. அங்கே குளிர் அதிகம், ஈரப்பதம் குறைவு.

என் புட்டி குடிக்கத் தயாராகிவிட்டதா என்று திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

திறக்காமல் உறுதியாகத் தெரியாது. வெளியே தெரியும் ஒரே நல்ல அடையாளம் புட்டிக்குள் ஒயின் நிற்கும் மட்டம். போர்டோ வகைப் புட்டியில் கழுத்து வரை இருந்தால் எந்த வயதிலும் நல்ல செய்தி. இருபது முப்பது ஆண்டு ஒயினுக்குத் தோளின் மேற்பகுதி வரை இறங்கியிருப்பது இயல்பு. நடுத்தோளுக்குக் கீழே போயிருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பர்கண்டிப் புட்டிக்குத் தோள் சரிவாக இருப்பதால் தக்கையின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள்.

சிறந்த வழி, ஒன்றுக்குப் பதில் ஒரே ஒயினில் சில புட்டிகளை வாங்குவது. சில ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்தால் அது எங்கே நிற்கிறது என்று நாக்கே சொல்லும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: நல்ல ஒயின்கள் பல, இளமையின் பழச்சுவை போய் முதுமையின் மணம் வருவதற்குள் சில ஆண்டுகள் ஊமையாக இருக்கும். மணமே எழாது. அதைக் கண்டு மீதமுள்ள புட்டிகளைப் பயந்து காலி செய்ய வேண்டாம்.

வல்லுநர்களின் கணிப்பும் தப்பும். 1976-இல் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிசில் நடத்திய கண்மூடிச் சுவைத்தலில், அதாவது லேபிளை மறைத்துச் சுவைத்ததில், போர்டோவின் பெரிய பெயர்களைத் தாண்டி கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது. இளமையில் ஜொலிக்கும், வயதைத் தாங்காது என்று அப்போது ஒரு சாரார் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 30 ஆண்டு கழித்து 2006-இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதலில் வந்தது ரிட்ஜ் மாண்டே பெல்லோ 1971. அதுவும் கலிஃபோர்னியாதான்.

எப்போது திறப்பது என்று இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் ஒன்றைச் சொல்லுங்களேன்?

கொஞ்சம் முன்னதாகவே திறங்கள். சீக்கிரம் திறந்த நல்ல ஒயினில் துவர்ப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், ஆனாலும் மேசையில் எல்லோரும் ரசித்துக் குடிப்பார்கள். காலம் கடந்து திறந்ததில் ரசிக்க ஒன்றும் மிஞ்சாது. வீடுகளில் நான் பார்த்தவரை இரண்டாவதுதான் மிக அதிகம். இன்னும் பெரிய நாள் வரட்டும், இன்னும் தகுதியான விருந்தினர் வரட்டும் என்று தள்ளித் தள்ளியே பல புட்டிகள் வீணாகின்றன.

குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை வாங்கி, வளர்ந்ததும் திறக்க ஆசை. ஆனால் அந்த ஆண்டு மோசம் என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு ஆண்டு எல்லா ஊரிலும் மோசமாக இருப்பது அரிது. போர்டோவுக்கு 2013 சோர்வான ஆண்டு, ஆனால் பரோலோவுக்கு நல்ல ஆண்டு. 1991 ஏப்ரலில் போர்டோவை உறைபனி தாக்கியது. அதே 1991 நாபாவில் அருமையாக அமைந்தது, போர்த்துகலில் பல நிறுவனங்கள் அதை நல்ல ஆண்டாக ஏற்று விண்டேஜ் போர்ட் அறிவித்தன. ஆகவே ஆண்டைப் பிடித்துக்கொண்டு ஊரை மாற்றித் தேடுங்கள்.

இருபது ஆண்டுத் திட்டம் என்றால் மேக்னம் எனப்படும் 1.5 லிட்டர் புட்டி நல்லது. ஒயினின் அளவோடு ஒப்பிட்டால் அதற்குள் இருக்கும் காற்று குறைவு, அதனால் நிதானமாக முதிரும். 375 மில்லி அரைப்புட்டி இதற்கு நேர்மாறு. பிறந்தவுடனே வாங்கியாக வேண்டும் என்றும் இல்லை. நல்ல சிவப்பு ஒயின்கள் விற்பனைக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும். புருனெல்லோ, அறுவடைக்குப் பிந்தைய ஐந்தாம் ஆண்டின் ஜனவரி முதல் தேதிக்கு முன் வெளிவராது. சேமிக்கும் இடம் இல்லாதவர்கள் பதினெட்டாவது ஆண்டில் தேடிக்கொள்ளலாம். இன்னொன்று: வளர்ந்த பிள்ளைக்கு மது வேண்டாம் என்று தோன்றலாம். அதை முன்கூட்டியே மனத்தில் ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

நாளை மறுநாள் விருந்து. இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம், இப்போதே புட்டியை எழுப்பி நிறுத்துங்கள். மண்டி முழுவதும் அடியில் இறங்க ஒரு நாளாவது வேண்டும், இரண்டு மூன்று நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. தொலைவிலிருந்து பயணம் செய்து வந்த புட்டி என்றால் ஒரு வாரமே பொருந்தும். நிறுத்திய பிறகு யாரும் அதைத் தூக்கி லேபிளைப் படிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். விருந்து வீடுகளில் இதுதான் கடினமான வேலை.

பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். அறை அதற்கு மேல் சூடாக இருந்தால் அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் நிற்க வைத்தே எடுக்கலாம். சூடான ஒயினில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், மென்மையான மணங்கள் அதன் பின்னால் மறைந்துவிடும். கோப்பை அகன்ற வயிறும் குறுகிய வாயுமாக, சோப்பு வாசனையின்றி இருந்தால் போதும்.

தக்கை பாதியில் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. எல்லாம் போயிற்றா?

ஒன்றும் போகவில்லை. மெல்லிய துணி அல்லது நுண்வடிகட்டி வழியாக ஊற்றினால் துகள்கள் நின்றுவிடும், சுவைக்குக் கேடில்லை. தக்கையின் அடியில் பளபளக்கும் படிகங்கள் தெரிந்தால் அவை டார்டாரிக் அமிலத்தின் உப்பு. கண்ணாடித் துகள் அல்ல.

இருபத்தைந்து ஆண்டைத் தாண்டிய தக்கைக்குச் சாதாரணத் திருகுச் சுருளை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைத்து முறுக்கி எடுக்கும் கருவி கிடைக்கிறது. தகடும் சுருளும் சேர்ந்த கருவியும் உண்டு. உளுத்த தக்கைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. பழைய போர்ட் ஒயினுக்கு, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் புட்டியின் கழுத்தைப் பிடித்து, ஈரத்துணி வைத்துக் குளிர்வித்து, கழுத்தையே தக்கையோடு விண்டு எடுக்கும் முறை இன்றும் இருக்கிறது. பார்க்க அழகு. பழகாதவர்கள் செய்ய வேண்டாம்.

ஒருவர் மூன்று மணி நேரம் முன்பே டிகான்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையில்) ஊற்றிவைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஊற்றவே கூடாது என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு வேறு வேலைகளை இருவரும் ஒரே பெயரில் சொல்வதால் வந்த குழப்பம் இது. ஒன்று, மண்டியைப் பிரிப்பது. மற்றொன்று, காற்றுப்படச் செய்வது. முறுக்கான இளம் ஒயினுக்கு இரண்டாவது உதவலாம். முப்பது ஆண்டு ஒயினுக்கு முதலாவது மட்டும் போதும். அதன் மணம் நுட்பமானது, காற்றில் அரைமணி நேரத்தில் மலர்ந்து அடுத்த அரைமணியில் உதிர்ந்துவிடக்கூடியது. போர்டோவின் ஒயின் அறிவியல் பேராசிரியர் எமில் பெய்னோ இதில் கண்டிப்பானவர்: மண்டி இருந்தால் மட்டும் பிரித்தெடுங்கள், அதையும் பரிமாறும் நேரத்தில் செய்யுங்கள் என்பதே அவர் நிலை. முதிர்ந்த ஒயினைப் பொறுத்தவரை நான் அவர் பக்கம்.

செய்யும் முறை எளிது. புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கையோ மெழுகுவத்தியையோ வைத்து, ஒரே சீராக, இடையில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி மறுபடி சாய்த்தால் அடியில் உள்ளது கலங்கிவிடும். கழுத்தில் கருநிற இழை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் தங்கும் இரண்டு மூன்று விரற்கடையைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்.

திறந்ததும் ஒரு வாய் சுவைத்துப் பார்த்து முடிவெடுப்பது எல்லா விதிகளையும் விட நம்பகமானது. மணம் இறுக்கமாக இருந்தால் கோப்பையிலேயே சிறிது நேரம் விடுங்கள். பரோலோ சில வேளை இதில் விதிவிலக்கு. இருபது வயதிலும் ஒரு மணி நேரக் காற்றைக் கேட்கும்.

எனக்குச் சுவைக்கவே தெரியாது. மேசையில் எல்லோரும் ஏதேதோ சொல்வார்கள். நான் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது சிலவே. கோப்பையை ஆட்டாமல் முதலில் முகருங்கள். பழைய ஒயினின் மெல்லிய மணம் ஆட்டினால் கலைந்துவிடும். பிறகு மெதுவாகச் சுழற்றி மறுபடி முகருங்கள். ஒரு சிறு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிடுங்கள். துவர்ப்பு பிடிக்கிறதா, நழுவுகிறதா? புளிப்பு உயிரோடு இருக்கிறதா? விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? முதிர்ந்த ஒயினின் தரத்தைக் காட்டுவது இந்தக் கடைசிக் கேள்விதான். உடனே அணைந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது.

மிக முக்கியமாக, கோப்பையில் கொஞ்சம் மிச்சம் வைத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி சுவையுங்கள். முதல் வாயில் மங்கலாகத் தோன்றியது அதற்குள் வேறொன்றாக மாறியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் செர்ரி என்கிறார், உங்களுக்குப் பழைய புத்தக வாசனை வருகிறது என்றால் புத்தகம் என்றே சொல்லுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மட்டும் அந்த மேசைக்குப் போகாதீர்கள். உங்களுக்கும் தெரியாது, இருபுறமும் இருப்பவர்களுக்கும் தெரியாமல் போகும்.

ஒரே ஒரு புட்டி, பன்னிரண்டு பேர். பகிர்ந்தால் என்ன கிடைக்கும்?

750 மில்லியில் மண்டியோடு போவதைக் கழித்தால் சுமார் 700 மில்லி. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 58 மில்லி. சுவைக்க அது போதும். முறையான சுவைத்தல்களிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஊற்றுவார்கள். ஆனால் இருபது நிமிடம் கழித்துச் சுவைக்க மிச்சம் இருக்காது. எட்டுப் பேர் வரை என்றால் நிம்மதி.

முப்பது பேர் விருந்தில் பழைய புட்டியைத் திறப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அத்தனை பேருக்கும் நல்ல இளம் ஒயினைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பழையதை அதே வாரம் ஐந்தாறு பேரோடு தனியாகத் திறக்கலாம். பெரிய கூட்டத்தில்தான் வேண்டும் என்றால் எல்லோருக்கும் சம அளவாக, ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். வீட்டுக்காரர் தமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் மறைவாக ஊற்றுவதை மேசையில் எல்லோரும் கவனிப்பார்கள்.

பல ஒயின்கள் இருந்தால் எது முதலில், எது கடைசியில்?

இளசிலிருந்து முதிர்ந்ததற்கு என்பது பாடப்புத்தக வரிசை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. முறுக்கான இளம் கேபர்னே நாக்கைத் துவர்க்கடித்த பிறகு வரும் நாற்பது வயது பினோ நுவாரை வெறும் நீராகத்தான் உணர்வோம். மிக முதியதை, மிக மெலிந்ததை முன்னாலேயே, நாக்கு புதிதாக இருக்கும்போது பரிமாறுங்கள். உரைகளும் வாழ்த்துகளும் முடிந்த பிறகு திறங்கள். யாரோ நீளமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கோப்பையில் ஒயின் சோர்ந்துகொண்டிருக்கும்.

நண்பர்கள் சேர்ந்து சுவைக்க இரண்டு நல்ல அமைப்புகள் உண்டு. ஒரே தோட்டத்தின் வெவ்வேறு ஆண்டுகளை வரிசையாக வைப்பது ஒன்று. வயது என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. ஒரே ஆண்டின் வெவ்வேறு தோட்டங்களை வைப்பது மற்றொன்று. உணவில் காரமும் தூக்கலான புளிப்பும் வேண்டாம். காளான், மெதுவாக வெந்த இறைச்சி, மிதமான பாலாடைக்கட்டி போன்ற அடங்கிய சுவைகள் ஒத்துப்போகும்.

விசித்திரமான வாசனை வருகிறது. கெட்டுவிட்டதா, பழைய ஒயினே இப்படித்தானா?

திறந்தவுடன் வரும் லேசான புழுக்க வாசனை பத்து நிமிடத்தில் கலைந்தால் கவலை இல்லை, நெடுங்காலம் அடைபட்டிருந்ததன் மூச்சு அது. நேரம் போகப் போக நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சணம் பிடித்த அறை போன்ற நெடி அதிகமானால் அது தக்கைக் கேடு. ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் காரணம். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் ஒயினைக் காப்பாற்ற வழியும் இல்லை.

நகப்பூச்சு நீக்கியோ வினிகரோ மூக்கைத் துளைத்தால் அசிட்டிக் நுண்ணுயிரிகளின் வேலை. வெட்டிவைத்த ஆப்பிள் பழுத்துக் கறுத்த வாசனையும் தட்டையான சுவையும் வந்தால் காற்று புகுந்துவிட்டது. குதிரை லாய வாசனை என்றால் பிரெட்டனோமைசீஸ் என்ற ஈஸ்ட். கொஞ்சமாக இருந்தால் அதை ரசிக்கிறவர்கள் உண்டு, நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. முன்னே சொன்ன தோல், சருகு, காளான் மணங்கள் கேடல்ல.

நான் கொண்டுபோன அருமையான புட்டியை வீட்டுக்காரர் வாங்கி உள்ளே வைத்துவிட்டார். கேட்கலாமா?

பரிசாகக் கொடுத்தால் அது அவருடையது, கேட்கக் கூடாது. சேர்ந்து குடிக்கத்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மண்டி இறங்க வேண்டும் என்பதால் முந்தின நாளே புட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் சிறந்தது. நோக்கமும் தானாகப் புரிந்துவிடும்.

மீதமானதை நாளைக்கு வைத்திருக்கலாமா?

இளம் ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும். முதிர்ந்தது அன்றிரவே முடியட்டும். விண்டேஜ் போர்ட் மட்டும் இரண்டொரு நாள் பொறுக்கும். தக்கையை எடுக்காமலே ஊசி வழியாக ஒயினை எடுத்து, அந்த இடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பும் கருவி இருக்கிறது. தக்கை நன்றாக இருக்கும் புட்டிகளுக்கு அது சரி. உளுத்த தக்கை ஊசித் துளையை மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மிகப் பழைய போர்டோவோ பர்கண்டியோ யாரோ விற்கிறார்கள். அசல்தானா என்று எப்படி அறிவது?

இதுவரை யார் யாரிடம் இருந்தது, எங்கே சேமிக்கப்பட்டது என்ற தொடர் வரலாறு இல்லாவிட்டால் விலகிவிடுங்கள். 2008-இல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு, பர்கண்டியின் பொன்சோ தோட்டத்தின் கிளோ சான் தெனி என்ற ஒயின், 1945 முதலான ஆண்டுகளின் லேபிளோடு வந்தது. 1980-களுக்கு முன் அந்தப் பெயரில் அவர்கள் ஒயின் தயாரித்ததே இல்லை! உரிமையாளர் லொரான் பொன்சோ நேரில் போய் அவற்றைத் திரும்பப் பெற வைத்தார். அவற்றை விற்பனைக்குக் கொடுத்த ரூடி குர்னியவான் 2013-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்றார். பெரிய சேகரிப்பாளர்களே அவரிடம் ஏமாந்திருந்தார்கள்.

மிக வயதான புட்டியில் தக்கை மட்டும் புதிதாக இருந்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் பழைய புட்டிகளைத் திறந்து சோதித்துப் புதுத் தக்கை போட்டுத் தருவதுண்டு. பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் இதற்கென்றே முகாம்கள் நடத்துகிறது. அதற்கான சான்று புட்டியோடு இருக்க வேண்டும்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். விருந்தினரிடம் அப்படிச் சொல்லி ஊற்றலாமா?

சொல்லாதீர்கள். மதுவை அருந்தப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு தெளிவாகச் சொன்னது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளின் அளவு ஒயினில் மருந்தாக நினைக்க முடியாத அளவுக்குக் குறைவு. ருசிக்காகக் குடிக்கிறோம் என்பதே நேர்மையான பதில்.

கர்ப்பிணிகள், மருந்து உட்கொள்பவர்கள், வண்டி ஓட்டப் போகிறவர்கள், குடிப்பழக்கத்தை விட்டவர்கள், வெறுமனே வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் மேசையில் இருப்பார்கள். காரணம் கேட்காமல் அவர்களுக்கும் நல்ல பானம் ஒன்றை நல்ல கோப்பையில் கொடுங்கள். சுவைத்தல் என்றால் துப்புவதற்குப் பாத்திரம் வையுங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான், அதில் அவமதிப்பு ஏதுமில்லை. முகர்ந்து பார்க்க மட்டும் கோப்பையைக் கேட்பவருக்குத் தயங்காமல் கொடுங்கள். முதிர்ந்த ஒயினின் பெரும்பாதி மூக்குக்குத்தான்.

அப்பா விட்டுச்சென்ற மூன்று புட்டிகள் இருக்கின்றன. அவர் நினைவு நாளில் திறக்க நினைக்கிறோம். நன்றாக இல்லாவிட்டால் எல்லோருக்கும் மனம் உடைந்துவிடுமே?

முதலில் ஆறாம் பதிலில் சொன்னபடி மட்டத்தைப் பாருங்கள். மூன்றும் ஒரே ஒயின் என்றால், மட்டம் தாழ்ந்திருக்கும் ஒன்றை நினைவு நாளுக்குச் சில வாரம் முன்பே, வீட்டில் உள்ளவர்கள் மட்டும் திறந்து பாருங்கள். அது நன்றாக இருந்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அது மோசம் என்றாலும் முடிவு கட்ட வேண்டாம். முதிர்ந்த ஒயினில் ஒரே பெட்டியின் இரண்டு புட்டிகள்கூட வேறுவேறாக இருக்கும்.

அன்றைக்கு வருபவர்களிடம் இது எப்படி இருக்குமோ தெரியாது, சேர்ந்து திறந்து பார்ப்போம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அவர் கையெழுத்து இருக்கும் ரசீதோ குறிப்போ இருந்தால் மேசையில் வையுங்கள். தீர்ந்த புட்டியை லேபிளோடு வைத்துக்கொள்ள விரும்பினால், லேபிளில் ஒயின் வழியாமல் இருக்க முதலிலேயே மெல்லிய தாளைச் சுற்றிவிடுங்கள். அதே வகையில் சற்று இளைய புட்டி ஒன்றைப் பக்கத்தில் தயாராக நிறுத்தியிருங்கள். பழையது தக்கைக் கேடு என்று தெரிந்தால் வருத்தப்பட்டு நிற்காமல் அடுத்ததைத் திறக்கலாம். கோப்பைகளைக் கழுவ ஓட வேண்டாம். புதிய ஒயினிலேயே ஒரு சொட்டு ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டால் பழைய நெடி போய்விடும்.